விசாரிப்புச் சோறு

அந்த அக்கா வீட்டில் நான் சாப்பிட்டதெல்லாம் நெல்லுச் சோறுதான். அதை வைத்து அவரை வசதியானவர் என்று நினைத்துவிடக் கூடாது. மாரண்டஹள்ளிப் பக்கம் அப்போதெல்லாம் அன்றாடச் சாப்பாடு கேழ்வரகுக் களி. நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் மட்டும். அக்காவின் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. ஏதாவது கேடு நடந்தால் அன்றைக்கு உலையில் அரிசி விழும். மோட்டார் எரிந்தால் சோறு. மாடு செத்தால் சோறு. ஆலங்கட்டி மழையில் தக்காளித் தோட்டம் முழுக்கச் சட்டினியாகிப் போன அன்றைக்குச் சோற்றோடு கோழிக் குழம்பும் இருந்தது.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் மாரண்டஹள்ளியில் தகரக் கூரை போட்ட ஒரு கடை வைத்திருந்தேன். யாருக்காவது கெட்ட நேரம் வந்தால்தான் எனக்கு நல்ல நேரம். டாக்டர், வக்கீல், காயில்காரன் மூவரையும் மனசார வரவேற்கிறவர் யாரும் கிடையாது. இந்த அக்கா ஒருவர்தான் என் சைக்கிள் மணி கேட்டதும் முகம் மலர்ந்து எழுந்து வருவார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. வயல்காட்டுக்கு நடுவில் தனியாக இருக்கும் வீட்டை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். அதனால் ஊரில் அவருக்குக் கொட்டாயம்மா என்று பெயர். கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்த தெரு ஒரு மைல் தள்ளி, மாதா கோயிலைச் சுற்றி இருந்தது. இவர் கொட்டாயிலிருந்து பார்த்தால் அந்தக் கோயிலின் சிலுவை மட்டும் புளியமரங்களுக்கு மேலே தெரியும். ஒரு கிணறு, இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு, இரண்டு பசு, சில கோழிகள். மூத்த மகள் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்து வடநாட்டுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் வரும். இளையவள் பெங்களூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். அவளிடமிருந்து அதுவும் வராது.

முதல் தடவை நான் போனது பால்காரர் வந்து சொல்லித்தான். அவர் தார் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி, அக்கா கொண்டுவரும் பாலைக் கேனில் ஊற்றிக்கொண்டு போகிறவர். கொட்டாய் வரைக்கும் போகமாட்டார். "கொட்டாயம்மா மோட்டாரு பொகைஞ்சிடுச்சாம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க" என்றார்.

போய்ப் பார்த்தால் வாசல் பெருக்கிச் சாணி தெளித்திருந்தது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, துவைத்த போர்வை ஒன்றை விரித்திருந்தார். உள்ளேயிருந்து சோறு வெந்த வாசனை.

"விருந்தாளிங்க யாராவது வர்றாங்களாக்கா?"

"வந்துட்டுப் போயிட்டாருங்க தம்பி."

"யாரு?"

"ஆண்டவருங்க. வெடியக்காலம் மோட்டாரப் போட்டேன். உர்ருன்னுச்சு, அப்பறம் ஒரே பொகை. சரி, விசாரிக்க வந்துட்டாருன்னு தெரிஞ்சிக்கிட்டேன். அவரு நின்னு சாப்புட்டுப் போறவரு இல்லீங்க. அவரு போனப்பறம் மொதல்ல ஆரு வாசல்ல கால் வெக்கறாங்களோ, அவங்களுக்குப் போட்டுடணும்."

எனக்குத் தெரிந்த விசாரணை காவல் நிலையத்தில் நடப்பது. யாரோ திருட்டு மோட்டார் ஒன்றை என் கடையில் ரிப்பேருக்குப் போட்டுவிட்டுப் போனதில் என்னை அரை நாள் பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள். அதை விருந்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்காவிடம் அதைச் சொன்னேன். சிரித்தார்.

"எங்க பங்குச் சாமியாரையே அந்தக் காலத்துல விசாரணைச் சாமியாருன்னுதாங்க சொல்லுவாங்க. ஆடு மாடு எப்பிடி இருக்குது, ஆளு எப்பிடி இருக்குறான்னு பாக்கறதுக்கும் விசாரிக்கறதுன்னுதான் பேரு. தப்புத் தண்டாவக் கேக்கறதுக்கும் விசாரிக்கறதுன்னுதான் பேரு. ரண்டுக்கும் ஒரே வார்த்தையத்தானே வெச்சிருக்கறாங்க?"

நான் தொழில்காரன். கண்முன்னால் பொய்யாக ஒரு காரணம் சொன்னால் பொறுக்காது. "இதுக்கும் ஆண்டவருக்கும் சம்பந்தமில்லக்கா. லோ வோல்டேஜ்ல மோட்டாரப் போட்டீங்க. காயில் சூடாயி எரிஞ்சிடுச்சு. அவ்ளோதான்."

"வோல்டேஜு கம்மியா வந்தாலும் வந்தாருங்களே" என்று சொல்லிவிட்டு இலை போட்டார்.

இப்படி நாலைந்து வருடம். கிணறு வற்றி, தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வ் சேற்றில் புதைந்தபோது போனேன். பக்கத்துப் பனையில் இடி விழுந்து ஸ்டார்ட்டர் வெடித்தபோது போனேன். பசுக்களில் ஒன்று பாம்பு கடித்துச் செத்த அன்று தற்செயலாக அந்தப் பக்கம் போனவனையும் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டார். நான் சாப்பிடும்போது அவர் செத்த மாட்டின் கொம்பில் கை வைத்தபடி கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நோகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குச் சோறு போட எழுந்து வந்தவர் மறுபடி போய் அந்தக் கொம்பைத்தான் பிடித்துக்கொண்டார். அப்படியும் இரண்டாம் தடவை வாங்கித்தான் சாப்பிட்டேன். அந்த வயதில் பசி அப்படி.

ஒருமுறை கேட்டேன், ஏன்க்கா உங்க ஆண்டவருக்கு வேற வேலையே இல்லையா, உங்களையே விசாரிச்சிக்கிட்டு இருக்கிறாரே என்று.

"தம்பி, செத்தப்பறம் தீர்வைன்னு ஒண்ணு இருக்குதுங்க. அன்னிக்கி மொத்தமாக் கேப்பாரு. அத்தனையும் ஒரே நாள்ல கேட்டா என்னால தாங்க முடியுங்களா? அது தெரிஞ்சிதான் இங்கயே கொஞ்சங் கொஞ்சமாக் கேட்டு முடிச்சிடறாரு. என்மேல எரக்கம் இல்லாட்டி இந்த மேட்டுக்காட்டுக்கு இத்தன தடவ நடப்பாருங்களா?"

நடப்பாருங்களா என்று அவர் சொன்ன விதத்தில், செருப்பில்லாமல் வெயிலில் ஒருவர் வருவது எனக்கே தெரிந்தது.

அவர் ஏன் இப்படித் தனியாகப் போனார் என்பதைப் பால்காரர்தான் ஒருநாள் சொன்னார். அக்காவின் கணவர் கரும்பு டிராக்டர் கவிழ்ந்து செத்திருக்கிறார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் ஆக்கிக் கொண்டுவர வேண்டும். இது இந்துத் தெருவுக்கும் கிறிஸ்துவத் தெருவுக்கும் பொதுவான வழக்கம். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் கூரையில் புகை வருவதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். உள்ளே அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். "நீங்க விசாரிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தரு வந்து விசாரிச்சிட்டாருங்க. உக்காருங்க, சாப்புட்டுப் போங்க" என்றாராம்.

"புருசன் செத்ததுக்கு விருந்து வெக்கறான்னு அத்தினி பேரும் திரும்பிட்டாங்க" என்றார் பால்காரர். "அது அழுவாமலும் இல்லீங்க. கண்ணுல தண்ணி ஊத்துது, கையி சோறு வடிக்குது. அன்னிக்கித் திரும்புனவங்கதான். அந்தக் கொட்டாய்ப் பக்கம் அப்பறம் ஆரும் போவறதில்ல. நானும் ரோட்டோட சரிங்க."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா கோயிலுக்குப் போவார். பின்வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் யாரும் எதுவும் கேட்பதற்கு முன் கிளம்பி வந்துவிடுவாராம்.

பிறகு ஒரு நல்ல வருடம் வந்தது. மழை நேரத்துக்குப் பெய்து கிணறெல்லாம் நிறைந்தது. மின்சாரமும் ஒழுங்காக வந்தது. என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். எதிரே கூடை கூடையாகப் பழம். அதற்குப் பின்னால் முகம் வற்றி உட்கார்ந்திருந்தார். ஏதோ சீக்கு என்று நினைத்தேன்.

"நல்லா வெளைஞ்சிருக்குதுபோல. அப்பறம் என்னாக்கா மொகம் இப்பிடி?"

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருசத்துக்கு மேல ஆவுதுங்க தம்பி. ஒண்ணுமே ஆவல. ஒரு கோழிகூடச் சாவல. என்ன மறந்துட்டாரோ என்னமோ தெரியல."

"ஏன்க்கா, நல்லா இருக்கறது ஒரு குத்தமா?"

"பூசைக்கு வந்த சாமியாருகிட்டயும் சொன்னேன். நல்லா இருக்கறதுக்குத் தோத்திரம் சொல்லும்மான்னாரு. சொல்றேனுங்க. வாயில வருது, வயித்துல எறங்க மாட்டேங்குது."

கஷ்டம் வேணும்னா என் கடையில வந்து ஒரு வாரம் உக்காருங்க என்று சொல்லிச் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். ரிப்பேருக்கு நான் போவதைத் தவிர அந்த வீட்டுக்கு ஆள் போவதில்லை. ஒரு வருடமாக ஒன்றுமே ஆகவில்லை என்றால், ஒரு வருடமாக அந்த வாசலில் ஓர் ஆள் கால் வைக்கவில்லை என்று அர்த்தம். இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அவர் காத்திருந்தது ஆண்டவருக்காக மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த மாதமே பால்காரர் வந்தார். கொட்டாயம்மா மோட்டார் ஓடவில்லையாம்.

போனேன். வாசல் தெளித்திருந்தது, கட்டிலில் போர்வை விரித்திருந்தது, சோற்று வாசனையும் இருந்தது. ஆனால் அக்கா வழக்கம்போல் சிரித்துக்கொண்டு வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். மோட்டார் ரூமுக்குள் போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, தீய்ந்த வாடை இல்லை. ஸ்டார்ட்டரும் நன்றாகத்தான் இருந்தது. மேலே பார்த்தால், மூன்று ஃபியூஸ் கட்டைகள் இருக்க வேண்டிய பலகையில் இரண்டுதான் இருந்தன. நடுக்கட்டையைக் காணோம். ஃபியூஸ் போனால் கம்பி எரியும். பீங்கான் கட்டை எங்கேயும் எழுந்து போகாது.

"நடுக்கட்டை எங்கக்கா?"

உள்ளே போனார். மாதா சொரூபத்தின் பின்னாலிருந்து அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். துணியால் துடைத்து வைத்திருந்தார்.

"நாந்தான் புடுங்குனேனுங்க தம்பி."

எனக்குக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிப்பு வந்துவிட்டது. "சாமி வரலைன்னு நீங்களே போயி கரண்டப் புடுங்கிட்டீங்களா? அவரு வேலையையும் சேத்து நீங்களே பாக்கறீங்க!" கட்டையைச் செருகினேன். மோட்டார் ஓடியது. "சாப்புட்டுப் போங்க தம்பி" என்றார். "இது அவரு வந்த சோறு இல்லீங்களே, போலிச் சோறுதானே?" என்று சொல்லிவிட்டு, கடையில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டேன். கடையில் ஒரு வேலையும் இல்லை. தார் ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அவர் கட்டிலிலிருந்து போர்வையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருந்தாலும் ஓரளவு மனுஷன் என்று சொல்லிக்கொள்ளலாம். டீக்கடையில் உட்கார்ந்து இதை நடித்தே காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது மாதா கோயில் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஃபியூஸைப் புடுங்கிய அம்மா என்று பின்வரிசையில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததாக யாரோ சொன்னார்கள். அதன்பின் அவரிடமிருந்து எனக்கு ஆள் வரவே இல்லை. ஒரு வருடம் ஓடியது, இன்னொன்றும் ஓடியது.

பிறகு என் முறை. ரிப்பேர் முடிந்த மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது, சுற்றுகிற தண்டின் கப்ளிங்கில் கைத்துண்டு மாட்டி இடது கையை உள்ளே இழுத்துவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. காயில் கட்டுகிறவனுக்கு விரல்தான் எல்லாம். கம்பியின் முறுக்கை விரல்தான் சொல்லும். முதல் வாரம் ஊரே வந்து விசாரித்தது. எவனோ கண் வைத்துவிட்டான் என்றார்கள், கடையின் வாசல் சரியில்லை என்றார்கள், முற்பிறப்பில் செய்தது என்றார் ஒருவர். இரண்டாம் வாரம் கூட்டம் குறைந்தது. பிறகு கடையைப் பூட்டியதே ஊருக்குப் பழகிவிட்டது. பகலெல்லாம் படுத்துக்கொண்டு ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி வயல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. கொட்டாய் அக்கா. கையில் பை, பைக்குள் கால் கட்டிய கோழி.

"நேத்துத்தாங்க பால்காரரு சொன்னாரு. எனக்கு எதுவும் வந்து சேர்றதுக்கு நாளாவுது" என்றார். தரையில் உட்கார்ந்து என் கையை வாங்கிக் கட்டின்மேல் மெல்லத் தடவிப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் சொல்வதற்கு முன் நானே கடுப்பாகக் கேட்டேன். "என்னாக்கா, எனக்கும் விசாரிப்பா இது?"

கையை விடவில்லை.

"அது எனக்குத் தெரியாதுங்க தம்பி. என் நோவுக்குத்தான் நான் பேரு வெச்சிக்க முடியும். அடுத்தவங்க நோவுக்குப் பேரு வெக்க நான் ஆருங்க? வலிக்குதுங்களா?"

ஒன்றரை மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் ஏன் நடந்தது என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதேன். அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அழுகை நின்றதும், அன்றைக்குச் சாப்பிடாமல் வந்துவிட்டேன் அக்கா என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"நான் பொய்யா ஒண்ண உண்டாக்குனேனுங்க. அவரு நெசமாவே வந்துட்டாரு. நீங்க சாப்புடாம போனீங்களே, அதாங்க. அது மாதிரி அவரு என்ன விசாரிச்சதே இல்ல, என் வூட்டுக்காரரு போனப்பக்கூட. ரண்டு நாளு அந்தச் சோத்த நானே தின்னேன்."

குறையாகச் சொல்லவில்லை. ஊருக்குப் போய்வந்த சேதியைச் சொல்வதுபோல் சொன்னார். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கோழிச் சாறு வைத்துக் குடிக்க வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லச் சொன்னார்.

கை ஆறி, எட்டு விரலோடு கம்பி சுற்றப் பழகிக் கடையைத் திறந்த பிறகு ஒருநாள் சைக்கிளை எடுத்தேன். பையில் ஸ்பேனர் இல்லை, டெஸ்டர் இல்லை. கொட்டாய்க்குப் போகும் வழியெல்லாம் கேழ்வரகு நன்றாக நின்றது. மோட்டார் ஓடும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. மணி அடித்ததும் அக்கா வரப்பிலிருந்து ஓடிவந்தார். கையெல்லாம் சேறு.

"என்னாச்சுங்க தம்பி? ஆரு சொன்னாங்க? மோட்டாரு ஓடிக்கிட்டுத்தானே இருக்குது?"

"ஒண்ணும் ஆவலக்கா. விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஆருக்கு என்ன?"

"ஆருக்கும் ஒண்ணுமில்ல. உங்களத்தான். எப்பிடி இருக்கீங்கன்னு."

"சும்மாவா?"

"சும்மாதான்."

சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தார். பிறகு உள்ளே ஓடினார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கலங்கியிருந்தது. "வாசலு பெருக்கலீங்க. அரிசியும் இல்லீங்க தம்பி. களிதான் இருக்குது."

"களியே போடுங்க."

போர்வை விரிக்காத கட்டிலில் உட்கார்ந்து களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டேன். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் தினமும் சாப்பிடுவதை நான் சாப்பிட்டேன். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் ஒவ்வொரு உருண்டையாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு தடவை "சும்மாவா வந்தீங்க?" என்று கேட்டார். நான் கிளம்பும்போது தார் ரோடு வரை கூடவே நடந்து வந்தார். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன்.

போகவில்லை. அடுத்த மாதம் பஞ்சாயத்து மோட்டார் வேலை வந்தது, அதற்கடுத்த மாதம் வேறொன்று. பிறகு ஓசூரில் கம்பெனிகள் நிறைய வந்திருக்கின்றன, பிழைப்பு நன்றாக இருக்கும் என்று கடையையே அங்கே மாற்றிவிட்டேன். போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று வருடம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பால்காரரைப் பார்த்தேன். தாடி வளர்த்து ஆளே மாறியிருந்தார். கொட்டாயம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அது போயி ஒரு வருசம் ஆவப்போவுதுங்க. ஈஸ்டருக்கு முன்னாடி, தபசு காலத்துல, தூக்கத்துலயே போயிடுச்சு. ரண்டு நாளா பாலு வர்லியேன்னு நாந்தான் போயிப் பாத்தேன். அன்னிக்கித்தான் மொத மொத அந்தக் கொட்டாய்க்குள்ள போனேன்." பிறகு என் இடது கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உங்களப்பத்தித்தாங்க அது எப்பவும் பேசும். பாலு ஊத்தறப்பல்லாம் சொல்லும். 'ஒண்ணுமே ஆவாத ஒரு நாள்லகூட அந்தத் தம்பி வந்தாருங்க'ன்னு. நீங்க அடிக்கடி போவீங்களாட்டம் இருக்குது?"

ஒரு நாள்தான் போனேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.